ஐம்பத்தெட்டும் ஐம்பத்தெட்டும்

எனக்குக் கணக்கு வராது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் களவெடுத்ததைக்கூட ஒப்புக்கொண்டுவிடுவார்கள், கணக்கு வராது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பதினாறு வயதில் எழுதுகிற ஓ.எல். பரீட்சையில் நான் கணக்குப் பாடத்தில் மூன்று தரம் பெயில். மூன்றாம் தரம் முடிவு வந்த அன்று, இனி இதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார். பிறகு லண்டனிலிருந்து கல்யாணப் பேச்சு வந்தபோது, என் படத்தோடு அனுப்பிய கடிதத்தில் 'கணக்கு டி' என்று எழுதிவிட்டார். டி என்றால் அதிவிசேட சித்தி. ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தும் நானும் ஒன்றாகத்தான் ஹீத்ரோவில் வந்து இறங்கினோம்.

என் கணவர் அந்த டியை இருபது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தார். மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும், சோறு போடுவதற்கு முன்னர் டி வந்துவிடும். "எங்கடை ஆளுக்குக் கணக்கிலை டி" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். நான் வேலை செய்வது ஒரு சூப்பர்மார்க்கெட்டில். கூட்டல் கழித்தலெல்லாம் மெஷினே பார்த்துக்கொள்வதால் என் டிக்கு அங்கே சோதனை எதுவும் வரவில்லை. வீட்டில் மகள் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்தால், "முதல் நீயாச் செய்து பார். நான் சொல்லித் தந்தா உனக்கு மூளை வளராது" என்பேன். பிள்ளை வளர்ப்பில் நான் மிகவும் கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்ததும் இப்படித்தான்.

மகள் பத்தாம் ஆண்டில் படித்தபோது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு நடந்தது. விளையாட்டு மண்டபத்தில் வரிசையாக மேசைகள் போட்டு, ஒரு பெற்றோருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு அடுத்ததாக மகளின் சிநேகிதியுடைய தாய் காத்திருந்தார். கானாவில் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. சீருடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே ஷிப்டிலிருந்து வந்திருந்தார். அவருடைய மகள் வாய் ஓயாத பெண். எலிசபெத் லைன் ரயில் ஏன் நடுவழியில் நிற்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் அரைமணி நேரம் சிக்னல் பற்றி விளக்குவாள். வளர்ந்ததும் ரயில் சிக்னல் செய்கிற எஞ்சினியர் ஆவதுதான் அவள் ஆசை. இரண்டு பேரும் கணக்குச் சோதனையில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு எடுத்திருந்தார்கள். ஒரே தாள், ஒரே மதிப்பெண்.

கணக்கு ஆசிரியர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இந்த ஐம்பத்தெட்டைக் கண்டு நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. அவளுக்குள் கணக்கு இருக்கிறது. மேல் செட்டிலேயே வைத்திருப்போம். வீட்டிலும் உதவி கிடைக்கும்தானே" என்றார். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்தேன். எழும்பியவள் கையுறையைத் தேடுகிற சாட்டில் பக்கத்திலேயே நின்றேன். அடுத்தவர் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்காமல் ஒரு தமிழ்த் தாய் வீட்டுக்குப் போனாள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. நேர்ஸ் உட்கார்ந்தார். அதே ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "நாங்கள் யதார்த்தமாக இருக்க வேண்டும். ஐம்பத்தெட்டுத்தான் எடுத்திருக்கிறாள். கீழ் செட்தான் அவளுக்குப் பாதுகாப்பு."

இந்தச் செட் விவகாரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே பதினாறு வயதுப் பரீட்சையில் கணக்குக்கு இரண்டு வகைத் தாள் உண்டு. மேல் செட்டில் இருந்து மேல் தாள் எழுதுகிற பிள்ளை ஒன்பதாம் தரம் வரைக்கும் எடுக்கலாம், ஒன்பதுதான் உச்சம். கீழ்த்தாள் எழுதுகிற பிள்ளை எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதினாலும் ஐந்துக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். ஐந்தை வைத்துக்கொண்டு மேலே கணக்குப் படிக்க முடியாது, கணக்கில்லாமல் எஞ்சினியராக முடியாது. அந்தப் பெண்ணின் சிக்னல் அந்த மேசையிலேயே சிவப்பு விழுந்துவிட்டது. எனக்கு அது நன்றாக விளங்கியது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மகள் மேலே நிற்கிறாள் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. கையுறை என் கையில்தான் இருந்தது.

மகளை நாங்கள் ஏற்கெனவே ரியூஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும். நெருக்கி உட்காருகிற வாங்குகள், கிழமைக்கொரு சோதனை, சுவரில் முதலாம் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் பெயர்ப் பட்டியல். பெற்றோர் மாடிப்படியில் நின்று அந்தப் பட்டியலை வாசிப்பார்கள். வெளியில் ஒருவரையொருவர் கண்டால், "நாங்கள் ஒரு இடமும் விடேல்லை, பிள்ளை தானாப் படிக்குது" என்பார்கள். அதே படியில் நேற்று முட்டி மோதியவர்கள் என்பதை இரண்டு பேரும் மறந்துவிட வேண்டும். அதுதான் மரியாதை.

இப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை மகள் பிந்தி வீட்டுக்கு வந்தாள். சிநேகிதியோடு அவளுடைய வகுப்புக்குப் போனாளாம். எங்கள் வீட்டிலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு தேவாலய மண்டபத்தில், ஆபிரிக்க, கரீபியன் பிள்ளைகளுக்காகக் கிழமையில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு இலவசமாக நடக்கிற வகுப்பு அது. "அம்மா, இரண்டு வருஷமா விளங்காதது இண்டைக்கு விளங்கிட்டுது" என்றாள். நான் உடனே கேட்ட கேள்வியை இங்கே அப்படியே எழுதமாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் வீடுகளில் ஒரு சொல் வைத்திருக்கிறோம். இனத்துவேஷத்தால் அடிபட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள் என்று மேடையில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போது சாதாரணமாக வருகிற சொல் அது. அன்று என் வாயிலும் வந்தது. மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குச் சுடுகிறது.

ஆனால் அடுத்த சோதனையில் அவள் எழுபது எடுத்தாள். எழுபதைக் கண்டதும் என் கொள்கை இளகிவிட்டது. அந்த வகுப்பின் துண்டுப்பிரசுரத்தை எடுத்து வாசித்தேன். மேலே பெரிய எழுத்தில் ஆபிரிக்க, கரீபியன் பிள்ளைகள் என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில், எல்லாப் பிள்ளைகளும் வரலாம் என்று இருந்தது. எங்கள் ஆட்கள் எந்தப் படிவத்திலும் பெரிய எழுத்தை வாசிப்பதில்லை. அகதி விண்ணப்பம் நிரப்பிப் பழகியதால் கண் நேரே அடிக்குத்தான் போகும்.

வகுப்பை நடத்தியவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஜமேக்காவில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர், காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். மகளைச் சேர்க்கப் போனபோது, "இங்கே ஒவ்வொரு பெற்றோரும் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்களுக்கு என்ன முடியும்?" என்று கேட்டார். கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து முந்திக்கொண்டேன். "தேத்தண்ணி" என்றேன். அப்படித்தான் மண்டபத்துக் குசினிக்குப் பொறுப்பானேன்.

குசினி வாசலில் நின்று அந்த வகுப்பைச் சந்தேகத்தோடு பார்த்தேன். ஏச்சு இல்லை, பட்டியல் இல்லை. ஒரு கணக்கு யாருக்கு விளங்கிவிட்டதோ அந்தப் பிள்ளை பலகைக்குப் போய் மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். பிழையாக விளக்கினால் யாரும் சிரிக்கக்கூடாது. யாரையும் கேவலப்படுத்தாமல் எப்படிப் பிள்ளை படிக்கும் என்று எனக்குப் பிடிபடவேயில்லை. சிக்னல் பெண் பலகைக்குப் போனால் மட்டும் இறங்கமாட்டாள். மிஸ் வந்து கையிலிருக்கிற சோக்கை வாங்க வேண்டும்.

நேர்ஸும் நேரம் கிடைக்கும்போது குசினிக்கு வந்து உதவுவார். என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அமைதியான மனுஷி. பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன தாள்களை எடுத்து, பேனாவால் இங்கொன்றும் அங்கொன்றும் குறித்து வைப்பார். ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் தோடம்பழம் வெட்டினோம். தொண்ணூறு துண்டு வந்தது. அதில் இருபது சதவீதத்தைப் பிந்தி வருகிற பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைக்கும்படி மிஸ் சொல்லிவிட்டுப் போனார். இருபது வருட டி எனக்குள் கொஞ்சம் தலையைத் தூக்கியது. சதவீதம் என்றால் என்னவென்று அந்த நேர்ஸுக்கு நான் விளங்கப்படுத்தினேன். நூறு என்றால் முழுசு, அதில் இருபது என்றால் இவ்வளவு என்று கத்தியை ஆட்டி ஆட்டிச் சொல்லி, முப்பது துண்டை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நன்றி சிஸ்டர்" என்றார். அன்று நேரத்துக்கு வந்த பிள்ளைகளிலேயே கடைசி நாலு பேருக்குத் துண்டு இல்லாமல் போய்விட்டது. அவர் ஒன்றும் பேசாமல் ஒதுக்கிய கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் கூரில்லாத மொட்டைக் கத்திமேல் பழியைப் போட்டேன்.

அந்த நாட்களில் அவர் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். மகளை மேல் செட்டுக்கு மாற்றும்படி கேட்டு. தரவுகளின்படிதான் முடிவெடுக்கிறோம் என்று மூன்று தரமும் ஒரே பதில். "இந்த மார்ச்சுக்குள் மாற்றாவிட்டால் பிறகு மாற்ற மாட்டார்களாம்" என்று கேத்திலுக்குத் தண்ணீர் பிடித்தபடி என்னிடம் சொன்னார். என் மகளுக்கும் அதே ஐம்பத்தெட்டுத்தான் என்பது என் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு சீனியைத் தேடினேன்.

இந்த வகுப்பைப் பற்றி நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன், என் கணவரின் தங்கைக்கு. மச்சாளுக்குச் சொல்லிவிட்டு, வேறு ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று முருகன்மேல் சத்தியம் வாங்கினேன். "நான் ஏன் மச்சாள் சொல்லப் போறன்?" என்றார். எங்கள் ஆட்களின் சத்தியம் எவ்வளவு தூரம் ஓடும் என்பது சனவரியில் தெரிந்தது. வகுப்புக்கு ஒவ்வொரு தவணையும் புதிதாகப் பதிய வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டபக் கதவு திறக்கும், முதலில் வருகிற இருபத்துநாலு பிள்ளைகளுக்கு இடம். ஒன்பது மணிக்கு என்று சொன்னால் ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்காகப் போட்ட விதி அது.

நான் அன்று காலை ஆறு மணிக்கே போனேன். முதலாவது ஆள் நான்தான் என்ற நினைப்போடு போனால், அங்கே மச்சாள் நிற்கிறார். பின்னால் சேலைக்கடை மாடிப்படியில் கண்ட முகங்கள் அத்தனையும். எங்களுக்கு வரிசையில் நிற்கச் சொல்லித்தர இந்த உலகத்தில் ஆள் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர்கள் நாங்கள். அப்போது ஆள் நிற்கத் தேவையில்லை. வெறும் மண்ணெண்ணெய்க் கானையோ ஒரு செருப்பையோ வைத்துவிட்டு நிழலுக்குப் போகலாம், அது ஆள் நிற்பதற்குச் சமம், யாரும் தாண்டமாட்டார்கள். மனோர் பார்க்கில் சனவரிக் குளிர் எலும்பைக் குடைந்தது. "பையை வைச்சிட்டுக் காருக்கை இருப்பம்" என்றார் மச்சாள். இதைவிட நியாயமான யோசனை இருக்க முடியாது என்று எல்லோருக்கும் பட்டது. பதினாலு பைகளைத் தேவாலயச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற கார்களுக்குள் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டோம்.

ஏழரைக்கு மண்டபக் காவலாளி வந்தார். ஆளில்லாத தெருவில், தேவாலயச் சுவரோரம், பதினாலு பை. லண்டனில் ஒரு பை தனியாக நின்றாலே நிலையத்தை மூடிவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரயிலில் ஒவ்வொரு நாளும் அந்த அறிவிப்பைக் கேட்கிறோம். ஆனால் அது மற்றவர்களின் பைகளைப் பற்றியது என்றல்லவா நினைத்திருந்தோம். கால் மணி நேரத்தில் பொலிஸ் வந்து நாடா கட்டியது. குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள் பதினாலு பேர், தங்கள் பைகளைக் குண்டு என்று பொலிஸ் சுற்றி வளைப்பதைக் கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கிப்போய், அது எங்கள் பை என்று சொல்ல ஒருவருக்கும் கால் எழவில்லை. பொலிஸைக் கண்டால் எங்களுக்கு வாய் பூட்டிவிடும், அது எந்த நாட்டுப் பொலிஸாக இருந்தாலும். ஒரு இளம் பொலிஸ்காரர் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டி, "இந்தப் பைகளைப் பற்றி ஏதும் தெரியுமா?" என்று கேட்டார். கவுன்சில் அலுவலகத்தில் இருபது வருடமாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிற மச்சாள், "நோ இங்கிலிஷ்" என்றார். பிறகு ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். அது ஒவ்வொரு பையாக மணந்துகொண்டு போய், என் பையில் நின்று அசைய மறுத்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். உள்ளே காலைச் சாப்பாட்டுக்கு நான் கட்டிவைத்த மட்டன் ரோல் இருந்தது.

நாடாவை அவிழ்க்க ஒன்பதே கால் ஆயிற்று. அதற்குள் சொன்ன நேரத்துக்கு வந்த தாய்மாரும் தகப்பன்மாரும் நாடாவுக்கு வெளியே ஒழுங்காக நின்றார்கள். நேர்ஸ் இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்து அவர்களுக்குள் நின்றார். மிஸ் கொப்பியோடு வாசலுக்கு வந்ததும் நாங்கள் கார்களிலிருந்து குபீரென்று இறங்கி ஓடினோம். மச்சாளுக்கு ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது. "நாங்கள் ஆறு மணியிலிருந்து நிற்கிறோம்!" என்றார்.

"அப்படியா? நான் பைகளைப் பற்றித்தான் கேள்விப்பட்டேன்" என்றார் மிஸ். "பைகளுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை."

நின்ற ஆட்களை நின்ற ஒழுங்கிலேயே பதிந்தார். நேர்ஸின் மகளுக்கு ஒன்பதாவது இடம். ஓட்டத்தில் வல்ல எங்கள் ஆட்கள் நாலு பேருக்கும் கிடைத்தது, அதில் மச்சாள் ஒருவர். நான் இருபத்தாறு.

ஆத்திரத்தில் நேரே குசினிக்குள் போய்க் கேத்திலைப் போட்டேன். மிஸ் பின்னால் வந்தார். நேர்ஸ் ஏற்கெனவே அங்கே நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். "இரண்டு மாதமாகத் தேத்தண்ணி போட்டது நான். என் பிள்ளைக்கு இடமில்லையா?" என்று கேட்டேன். குரல் எனக்கே வெட்கமாக இருந்தது.

மிஸ் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் சிறுமியாக இருந்தபோது என் தம்பியைப் படிக்க முடியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவன் வீட்டில் ரேடியோவைக் கழற்றித் திரும்பப் பூட்டுகிறவன். அதனால்தான் நாங்கள் இப்படி மண்டபங்களில் வகுப்பு நடத்தத் தொடங்கினோம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நாட்டில் யாராவது எப்போதாவது உங்கள் பிள்ளையால் படிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்களா?"

யோசித்தேன். எங்களுக்குச் சொல்லாத சொல்லா? உன் நாட்டுக்குப் போ என்றிருக்கிறார்கள், கறி மணக்குது என்றிருக்கிறார்கள், என் கணவரின் கடைக் கண்ணாடியை இரண்டு தரம் உடைத்திருக்கிறார்கள். ஆனால் இதை ஒருவரும் சொன்னதில்லை. பிள்ளை பிறந்து பெயர் வைக்கிறதுக்கு முன்னமே கணக்கு வரும் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள்.

"இல்லை" என்றேன். அதற்குப் பிறகு தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்துவிட்டது. "என் மகளும் ஐம்பத்தெட்டுத்தான் எடுத்தாள். அவளை மேல் செட்டில் வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்."

கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது. நேர்ஸ் திரும்பவில்லை. மிஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறதா?"

இருக்கிறதாவா! உள்துறை அமைச்சுக்கு ஒன்பது வருடம் கடிதம் எழுதி விசா எடுத்த வீட்டில் எந்தத் தாளாவது குப்பைக்குப் போகுமா? மகளின் பாலர் வகுப்புக் கிறுக்கல்கூடக் கோப்பில் துளையிட்டுக் கோர்த்து இருக்கிறது.

அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றதும் வீட்டில் கணவர் குதித்தார். "இஞ்சேரும், உமக்கேன் இந்த வேலை? வேலியாலை போற ஓணானைப் பிடிச்சு மடிக்கை விடுறீர். நாளைக்கு எங்கடை பிள்ளையைக் கீழை இறக்கினா என்ன செய்வீர்?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்தப் பயம்தான். "இறக்கினா இறக்கட்டும். அதே மார்க்குத்தானே" என்றேன். மகள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளே கோப்பை எடுத்து வந்து அந்தத் தாளைக் கழற்றித் தந்தாள்.

பெப்ரவரியில் துணை அதிபர் எங்களைச் சந்தித்தார். மேசைக்கு ஒரு பக்கம் அவர். மறுபக்கம் மிஸ், நேர்ஸ், நான், இரண்டு பிள்ளைகள். மேசையில் இரண்டு ஐம்பத்தெட்டு. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இருமினார்.

"மதிப்பெண் மட்டும் அல்ல. முழுப் பின்னணியையும் பார்க்கிறோம்" என்று என் பக்கம் திரும்பினார். "உங்கள் வீட்டில் கணக்குப் பின்புலம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்கள் சமூகத்தில் பொதுவாக..." என்று கையை அகல விரித்தார். அந்த விரித்த கைகளுக்குள் என் டியும் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். அம்மா ஒரு கடிதத்தில் எழுதிய எழுத்தை இந்த மனிதர் வாசிக்காமலே நம்பிக்கொண்டிருந்தார்.

"நான் கணக்கில் பெயில்" என்றேன். அறையில் எல்லோருக்கும் கேட்டது. போதாததற்கு, "மூன்று தரம்" என்றும் சொன்னேன். "என் மகள் ஒரு கணக்கைக் கொண்டுவந்தால் நான் சமைக்கிறதாக நடிப்பேன். எங்கள் வீட்டில் ஒரு பின்புலமும் இல்லை."

மகள் சடாரென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் பற்றி எரிந்தது. அதோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், முப்பது வருடமாகக் கழுத்தைப் பிடித்திருந்த ஒரு கை விட்டதுபோலவும் இருந்தது.

துணை அதிபர் தடுமாறி நேர்ஸின் பக்கம் திரும்பினார். குரலில் பரிவைக் கலந்தார். "நாங்கள் உங்கள் மகளின் நன்மைக்காகத்தான் சொல்கிறோம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளையை மேல் தாளில் போட்டு நோகடிக்கக்கூடாது."

நேர்ஸ் கைப்பையைத் திறக்கவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "இங்கே வருவதற்கு முன் கானாவில், கூமாசியில் நான் ஆறு வருடம் கணக்கு ஆசிரியை" என்றார். "உயர்தர வகுப்புக்கு."

"எங்கள் கோப்பில் அது இல்லையே" என்றார் துணை அதிபர்.

"இல்லைதான். யாரும் கேட்கவில்லை."

யாரும் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காததுதான் எனக்குக் குத்தியது. இரண்டு மாதம் ஒரே கேத்திலில் தேத்தண்ணி ஊற்றியவள் நான். அவருடைய ஷிப்ட் நேரம் கேட்டிருக்கிறேன், வாடகை கேட்டிருக்கிறேன், தலைமயிர் பின்ன எவ்வளவு நேரம் எடுக்கும் என்றுகூடக் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

துணை அதிபர் ஒரு நிமிடம் என்று சொல்லி வெளியே போனார். பத்து நிமிடம் கழித்து ஒரு கடதாசியோடு வந்தார். தரவுப் பதிவில் ஒரு சிறு பிழை நேர்ந்திருப்பதாகவும், திங்கட்கிழமை முதல் அந்தப் பிள்ளை மேல் செட்டில் இருப்பாள் என்றும், என் மகளுக்கு மாற்றம் எதுவும் இல்லை என்றும் வாசித்தார். பிழை யாருடையது என்று அதில் எழுதியிருக்கவில்லை. சிக்னல் பெண் அன்றுதான் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் இருந்தாள். தாயின் சீருடைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வடிய வடிய அந்தக் கடதாசியையே பார்த்தாள்.

வெளியே நடையில் மகள் என் காதருகில் வந்தாள். "மூன்று தரமா அம்மா?"

"ஓம்."

"அப்பாக்குத் தெரியுமா?"

"இண்டைக்குத் தெரியப் போகுது" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் கையைக் கோர்த்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து பல வருடமாகியிருந்தது.

வாசலில் நேர்ஸ் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். பெற்றோர் சந்திப்பில் பேசாமல் நின்றதற்கா, கேட்காமல் விட்டதற்கா, எதிலிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. "தோடம்பழம் வெட்டின அன்றைக்கு நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்பதுதான் வாயில் வந்தது. "நான் உங்களுக்குத் தொண்ணூறில் இருபது சதவீதம் படிப்பித்தேனே."

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"நன்றாகத்தான் விளங்கப்படுத்தினீர்கள், சிஸ்டர்" என்றார். "விடைதான் பதினெட்டு."